இறகு உதிரும் காலத்தில் பட்ஜிக்கு வலிக்குமா? – வாசகர் கேள்வி, பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் பட்ஜிகளைப் பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை அதிகம். கடையில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டு வாங்கி வருகிறோமே, அந்தச் சின்னக் கிளிகள்தான். பெரும்பாலும் 30 முதல் 40 கிராம் எடை இருக்கும். மலைக் குளிர், இரவுக் காட்டு விலங்குகள், பக்கத்தில் பறவை டாக்டர் இல்லாத நிலைமை எல்லாம் சேர்ந்துகொள்வதால் சமவெளிக்காரர்களுக்குச் சொல்லும் பதில் இங்கே அப்படியே பொருந்தாது. அதனால் மலை வாசகர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பச்சைப் பட்ஜிக்கு ஒன்றரை வயது. கையில் வந்து உட்காரும், தலையைச் சொறியச் சொல்லிக் குனியும். பத்து நாளாக இறகு கொட்டுகிறது. தலை முழுக்க முள் முள்ளாக இருக்கிறது. தொட்டால் கீச்சென்று கத்திக் கடிக்கிறது. பகலிலும் தூங்குகிறது. இது வலியா, நோயா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

வலிதான். ஆனால் நோய் இல்லை. இறகு உதிரும்போது வலிப்பதில்லை, புது இறகு முளைக்கும்போதுதான் வலிக்கிறது. தோலுக்குள்ளிருந்து வெளியே வரும் ஒவ்வொரு முள்ளும் மெல்லிய உறைக்குள் சுருண்டிருக்கும் இறகு. வளரும்வரை அதற்குள் ரத்தம் ஓடும், அடிப்பகுதியைச் சுற்றி நரம்புகள் இருக்கும். முள்ளை ஒரு பக்கமாக அழுத்தினால் அந்த அழுத்தம் நேராகத் தோலுக்குள் போகிறது. நீங்கள் தடவும் இடம் அதேதான், இப்போது அங்கே இருபது முப்பது முள் நிற்கின்றன. கடிக்கிறதே என்று கோபிக்காதீர்கள். கையை எடுக்கச் சொல்ல அதற்கு வேறு வழி தெரியாது.

முள்ளைப் பார்த்தே அதன் நிலையைச் சொல்லிவிடலாம். அடிப்பக்கம் நீலமும் கருஞ்சிவப்பும் கலந்து தெரிந்தால் உள்ளே இன்னும் ரத்தம் ஓடுகிறது, தொடவே கூடாது. நுனி பிரிந்து தூரிகை முடி மாதிரி இறகு எட்டிப் பார்த்து, உறை வெள்ளையாகக் காய்ந்து பொடிந்தால் அந்த நுனி முற்றிவிட்டது. உடம்பின் மற்ற இடங்களில் பட்ஜி தானே அலகால் உறையை உடைத்துக்கொள்ளும். தலைக்கும் கழுத்துக்கும் அதன் அலகு எட்டாது. ஜோடி இருந்தால் அது கோதிவிடும். தனியாக வளரும் பறவைக்கு நீங்கள் உதவலாம். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் மேலிருந்து பனி போல விழவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து, உறை ஊறியதும் வெள்ளை நுனியை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுங்கள். தூளாக உதிரும். விரலுக்குக் கெட்டியான பகுதி தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பறவை தானாகக் குனிந்தால்தான் இதைச் செய்ய வேண்டும். பிடித்து வைத்து ஒரு முள்ளைக்கூட உடைக்கக் கூடாது.

குளிப்பாட்டுவதைக் காலை பத்து, பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். மலையில் மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்துவிட்டால் ஈர இறகு சீக்கிரம் காயாது. ரூம் ஹீட்டர் போடும் வீடுகளில் காற்று வறண்டு முள் இன்னும் அரிக்கும். அந்த வீடுகளில் வாரம் மூன்று முறை இந்தச் சாரல் வேண்டும்.

பகல் தூக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். பழைய இறகு போனதால் உடம்புச் சூடு வெளியேறுகிறது, புது இறகுக்கும் தீனியின் சத்து போகிறது. ஆகவே குளிரும் களைப்பும் சேர்ந்து வரும். நல்ல இறகோடு இருக்கும் பறவை மலை வீட்டின் சாதாரணக் குளிரைத் தாங்கும். உதிர்க்கும் பறவை இருக்கும் அறை இரவிலும் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூண்டின் மூன்று பக்கத்தைக் கம்பளியால் மூடி, ஜன்னல் இடுக்கிலிருந்து வரும் காற்று நேராகப் படாத சுவரோரம் வையுங்கள். இருட்டு பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கட்டும்.

தினை மட்டும் போட்டால் போதாது. நன்றாக வெந்த முட்டையை உதிர்த்து, பறவை ஒன்றுக்குக் கால் டீஸ்பூன், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மீதியை எடுத்துவிட வேண்டும். முளைகட்டிய பச்சைப்பயறும் நல்லது. சமவெளியில் ஒரே நாளில் வரும் முளை கோத்தகிரியில் இரண்டு நாள் எடுக்கும், அதற்குள் பூஞ்சை பிடிக்கப் பார்க்கும். காலையும் மாலையும் அலசுங்கள், புளித்த வாடை வந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். துருவிய கேரட், கடல்நுரை ஓடு இரண்டும் எப்போதும் கூண்டில் இருக்கலாம். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ருசி மாறினால் பட்ஜி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும்.

இனி, எது சாதாரணக் களைப்பு, எது ஆபத்து? இறகைச் சிலிர்த்து, ஒற்றைக்காலில் தூங்கி, எழுப்பினால் விழித்துத் தின்றால் பயமில்லை. இரண்டு காலையும் ஊன்றி, கண் பாதி மூடி, சிலிர்த்தபடியே மணிக்கணக்கில் இருந்தால், மூச்சோடு வால் மேலும் கீழும் ஆடினால், கூண்டின் தரையில் போய் உட்கார்ந்தால் அது இறகு உதிர்ப்பால் வந்தது ஆகாது. பட்ஜி வலியை மறைக்கும். நீங்கள் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்து நலமாக இருப்பதுபோல் காட்டும். அதனால் அடுத்த அறையிலிருந்து, அதற்குத் தெரியாமல் பத்து நிமிடம் பாருங்கள். ஒரு கிராம் துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு வாங்கி, தினமும் காலையில் தீனிக்கு முன் எடை போட்டு எழுதி வையுங்கள். 35 கிராம் பறவை 31-க்கு வந்துவிட்டால் அது தின்பதுபோல் நடிக்கிறது, விதையை உரிக்கிறது, விழுங்கவில்லை. அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

ராத்திரி வீட்டை ஒட்டிக் காட்டெருமை வந்து தகரத்தை உரசியது. இருட்டில் நான்கு பட்ஜிகளும் கூண்டில் மோதிப் பறந்தன. விளக்கைப் போட்டால் ஒன்றின் இறக்கையில் ரத்தம், கூண்டுச் சுவரெல்லாம் தெறித்திருந்தது. மாமியார் மஞ்சள் தூளும் தேங்காய் எண்ணெயும் தடவினார். ரத்தம் நின்றது, மறுநாள் காலையில் மீண்டும் கசிந்தது. உடைந்த இறகைப் பிடுங்கிவிட வேண்டும் என்கிறார்கள். பிடுங்கலாமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

வீட்டில் பிடுங்க வேண்டாம்.

உடைந்தது முற்றாத இறக்கை இறகு. அதன் தண்டு இன்னும் ரத்தக் குழாயாகவே இருப்பதால் உடைந்த முனை வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும். பழைய புத்தகங்களில் உடனே பிடுங்கச் சொல்லியிருப்பார்கள். அனுபவப்பட்ட கை, இறக்கை எலும்பை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, இறகு வளரும் திசையிலேயே ஒரே இழுப்பில் எடுக்கும். பழகாத கை இழுத்தால் தீக்குச்சியை விட மெல்லிய எலும்பு முறியலாம், இறகுக் குழி கிழிந்து உள்ளே மேலும் ரத்தம் வரலாம், பிறகு அந்த இடத்தில் இறகு வளைந்து கட்டியாக வளரலாம். பெரும்பாலும் அழுத்தினாலே ரத்தம் நின்றுவிடும்.

எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து? உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ரத்தம். 35 கிராம் பட்ஜிக்கு மூன்றரை மில்லி, சொட்டுக் கணக்கில் எழுபது. ஐந்தாறு சொட்டு போனால் ஆரோக்கியமான பறவை தாங்கிவிடும். பத்தைத் தாண்டினால் டாக்டர் பார்த்தாக வேண்டும். இருபது சொட்டு என்றால் உயிருக்கே ஆபத்து. இறக்கையை அடித்துக்கொள்ளும்போது ஒரு சொட்டே பத்துப் புள்ளியாகத் தெறிக்கும். ஆகவே சுவரைப் பார்த்துப் பயப்படாமல், தரையில் விரித்த காகிதத்தில் ஊறிய ஈரத்தைப் பாருங்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். முதலில் விளக்கு. மற்றப் பறவைகள் குச்சியில் அமரும்வரை கூண்டில் கை விடாதீர்கள். மெல்லிய கைத்துண்டால் அடிபட்டதை மூடி எடுங்கள். முதுகு உள்ளங்கையில், கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில். மார்பில் எதுவும் அழுந்தக் கூடாது. பறவைக்கு நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. மார்பை இறுக்கிப் பிடித்தே பல பறவைகள் கையில் சாகின்றன. ரத்தம் வரும் தண்டைக் கண்டுபிடித்து, சோளமாவு தொட்ட காஸ் துணியால் தண்டு தோலிலிருந்து வெளிவரும் இடத்தை இரண்டு நிமிடம் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். நிற்காவிட்டால் இன்னொரு முறை. பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது கட்டிய ரத்தமும் பிய்ந்து வரும். இரண்டு முறை அழுத்தியும் நிற்காவிட்டால் அழுத்தியபடியே டாக்டரிடம் கிளம்ப வேண்டியதுதான்.

நின்றதும் பறவையை ஓர் அட்டைப்பெட்டியில், குச்சி இல்லாமல், பழைய துண்டு விரித்து, அரை இருட்டில் வையுங்கள். பெட்டிக்குள் சூடு 29, 30 டிகிரி. வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வைத்தால் சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம். கொடைக்கானல் குளிரில் பாட்டில் இரண்டு மணி நேரத்தில் ஆறிவிடும், ஆறிய பாட்டில் பறவையின் சூட்டைத் திருப்பி இழுக்கும், நினைவிருக்கட்டும். கரி போட்ட குமுட்டியைப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். மூடிய அறையில் அந்தப் புகையற்ற விஷவாயு நமக்கு முன் அவற்றைக் கொன்றுவிடும்.

மஞ்சள் ரத்தத்தை நிறுத்தியதுபோல் தெரியும். உண்மையில் கட்டியாக மேலே ஒட்டியிருந்து, காலையில் பறவை அலகால் அதைப் பெயர்த்ததும் கசிந்திருக்கும். எண்ணெயின் கேடு இன்னும் பெரிது. எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொள்ளும், அதற்கு இடையில் நிற்கும் சூடான காற்று போய்விடும், கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும். தடவிய இடத்தில் சோளமாவைத் தூவி டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், ஈரமும் குளிரும் காயத்தை விட வேகமாகக் கொல்லும். நகம் வெட்டும்போது ரத்தத்தை நிறுத்த விற்கும் பொடி நகத்துக்கும் அலகு நுனிக்கும் மட்டும்தான். இறகுக் குழியிலோ தோல் காயத்திலோ போட்டால் சதையை எரித்துவிடும்.

மறுநாளும் அந்த இறக்கை தொங்கினால் எலும்பைப் பார்க்க வேண்டும். இருட்டில் மிரண்டு கூண்டில் மோதும் பயத்தைத் தடுக்க மங்கலான இரவு விளக்கு ஒன்று போதும். மின்சாரம் போகும் ஊர் என்பதால் தானே எரியும் சார்ஜ் விளக்காக இருக்கட்டும். முள்ளிறகு இருக்கும் வாரங்களில் ஊஞ்சலையும் தொங்கும் பொம்மைகளையும் இரவில் எடுத்துவிடுங்கள். சாலையோர ஜன்னலில் கூண்டை வைத்தால் திருப்பத்தில் வரும் வண்டி வெளிச்சமும் இதே பயத்தைக் கொடுக்கும்.

காலில் சுளுக்கு மாதிரி நொண்டுகிறது. ஒரு சொட்டு நீலகிரித் தைலம் தடவினால் வலி குறையாதா?
– ஒரு வாசகி, குன்னூர்

தயவுசெய்து வேண்டாம். யூகலிப்டஸ் தைலம் மட்டுமல்ல, மலையில் காய்ச்சும் விண்டர்கிரீன் தைலம், கடை வலி தைலம், கற்பூரம், எதுவும் வேண்டாம். அவற்றின் ஆவியைப் பறவையின் நுரையீரலும் காற்றுப் பைகளும் நம்மை விடப் பல மடங்கு ஆழமாக இழுக்கும். விண்டர்கிரீனில் இருப்பது மீத்தைல் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். காலைக் கோதும் பட்ஜி அதை நேராக விழுங்கும். தைல டப்பாவைக் கூண்டு இருக்கும் அறையில் திறக்கவும் வேண்டாம். தைல மரத்தின் பச்சைக் கிளையைக் கழுவி உட்காரும் குச்சியாக வைக்கலாம், அதில் பிரச்சினை இல்லை. தேயிலைத் தோட்டத்துக் கவாத்துக் குச்சியை மட்டும் எடுக்காதீர்கள், தெளித்த மருந்து அதில் இருக்கும்.

சுளுக்கா, முறிவா என்பதற்கு அடுத்த ஓரிரு கேள்வி தள்ளிப் பாருங்கள்.

குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரே ஒரு சொட்டு கொடுக்கலாமா? டாக்டர் எழுதிய மருந்து வேறு பெயராக இருந்தது, மலிவாக அதே வேலை செய்யுமே என்று கேட்கிறேன்.
– ஒரு வாசகர், உதகை

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தைச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். ஒரு சொட்டில் 5 மில்லிகிராம். 35 கிராம் பறவைக்கு அது கிலோவுக்கு 140 மில்லிகிராமுக்கு மேல் ஆகிறது. 60 கிலோ மனிதர் ஒரே மூச்சில் 500 மில்லிகிராம் மாத்திரை பதினேழு விழுங்குவதற்குச் சமம். ஒரு சொட்டு என்பது நமக்குத்தான் சின்னது.

உங்கள் டாக்டர் எழுதியது மெலாக்சிகாமாக இருக்கும், பறவை வலிக்குப் பெரும்பாலும் அதைத்தான் கொடுக்கிறார்கள். அதையும் மெடிக்கலில் மாத்திரையாக வாங்கிப் பொடித்துக் கொடுக்காதீர்கள். மனிதருக்கான 7.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் பட்ஜிக்கு நூற்றுக்கணக்கான வேளைக்கான மருந்து இருக்கிறது. டாக்டர் நீர்த்த மருந்தைத் தந்து, ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் எந்தக் கோடுவரை என்று குறித்துத் தர வேண்டும். குறிக்காமல் தந்தால் கேட்டு வாங்குங்கள். அலகின் பக்கவாட்டில், சிறுகச் சிறுக, பறவை விழுங்க விழுங்க விட வேண்டும். தண்ணீர் குடிக்காமல் வாடிப்போன பறவைக்கு இந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆகவே முதலில் சூடும் நீரும், அப்புறம் மருந்து.

வலி மருந்துகளில் டைக்ளோஃபினாக் பெயரைக் கேட்டாலே விலகிவிடுங்கள். மாயார் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகளைப் பற்றி நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து இந்தியா முழுவதும் அழிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள், 2023-ல் கீட்டோப்ரோஃபெனும் அசெக்ளோஃபினாக்கும் தடைக்குள் வந்தன. பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து மாற்றாகக் கொண்டுவந்தது இந்த மெலாக்சிகாம்தான். எல்லாப் பறவைக்கும் எல்லா மருந்தும் ஒரே அளவில் நஞ்சாகாது. ஆனாலும் மனிதருக்கு எழுதிய வலி மருந்து எதையும் ஒரு பறவையின் சிறுநீரகத்தில் பரீட்சை பார்க்கும் உரிமை நமக்கு இல்லை.

எங்கள் தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் நிறையக் காய்க்கிறது. இறகு பளபளப்பாக வளரக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தாண்டிக்குடி

கூடவே கூடாது. பட்டர் ஃப்ரூட்டில் பெர்சின் என்ற பொருள் இருக்கிறது. பட்ஜியின் இதயத்தைத் தாக்கி ஓரிரு நாளில் கொல்லும். பழம் மட்டுமல்ல, இலை, பட்டை, கொட்டை எல்லாவற்றிலும் உண்டு. அந்த மரத்தின் கிளையைக் குச்சியாகவும் வைக்காதீர்கள், பழம் வெட்டிய கத்தியைக் கழுவிவிட்டு மற்றதை வெட்டுங்கள். உங்கள் தோட்டத்திலேயே கொய்யா இருக்குமே, அந்தக் கிளை நல்ல குச்சி. மலைவாழைப்பழத்தில் ஒரு சின்னத் துண்டு எப்போதாவது கொடுக்கலாம்.

பட்ஜியின் கால் திரும்பித் தொங்குகிறது. அண்ணன் தீக்குச்சி வைத்து நூலால் கட்டிவிட்டார். எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை.
– ஒரு வாசகர், கூடலூர்

நூலை இப்போதே அவிழ்த்துவிடுங்கள். கத்தரியின் முனையைத் தோல் பக்கம் வைக்காமல், தீக்குச்சியின் மேல் வைத்து நூலை வெட்டுங்கள். முறிந்த கால் முதல் நாளிலேயே வீங்கும், நூல் வீங்காது. ஓரிரவு ரத்த ஓட்டம் நின்றால் பாதம் கருத்துக் குளிர்ந்துவிடும், பிறகு அதை எடுப்பதைத் தவிர வழியில்லை. பாதம் இளஞ்சிவப்பாக, தொட்டால் சூடாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது.

கால் இயல்பில்லாத பக்கம் திரும்பியிருந்தாலோ, நடுவில் ஆடினாலோ முறிவு. விரலை மடக்கிப் பிடிக்க முடிந்து, எடையை மட்டும் ஊன்றாமல் தூக்கிக்கொண்டிருந்தால் சுளுக்காக இருக்கலாம், குன்னூர் வாசகிக்கும் இதுதான் பதில். வளையம் போட்ட காலில் வளையத்துக்குக் கீழே வீங்கியிருந்தால் காரணம் வளையமேதான். அதையும் இடுக்கியால் நெறித்து வெட்டப் பார்க்காதீர்கள், உலோகம் திரும்பும்போது கால் முறியும்.

டாக்டர் செய்வது எளிமையானது. முறிந்த எலும்பை நேராக்கி, காலின் இரண்டு பக்கமும் டேப்பை வைத்து ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாக நெரித்து ஒரு கட்டு போடுவார். பட்ஜியின் எடைக்கு அந்த டேப்பே போதும். பறவை எலும்பு வேகமாகச் சேரும், இரண்டு மூன்று வாரத்தில் கட்டைப் பிரிக்கலாம். அதுவரை ஏறிப் பழக இடம் கொடுக்கக் கூடாது. குச்சிகளை எடுத்துவிட்டு, தரையில் துண்டு விரித்து, தினைக்கதிரைப் பக்கத்தில் போட்டு, தண்ணீரைப் பாட்டில் மூடியில் வையுங்கள். கம்பியில் தொற்றி ஏறும் கூண்டை விட வழவழப்பான பிளாஸ்டிக் டப்பா நல்லது, மூடியில் மட்டும் ஓட்டைகள். கட்டைக் கடித்துக்கொண்டே இருந்தால் வலி அடங்கவில்லை அல்லது இறுக்கம் அதிகம். டாக்டரிடம் திரும்பிப் போங்கள், நீங்களே பிரித்துக் கட்டாதீர்கள்.

எங்கே போவது என்றால், கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தவர்களுக்கு வயநாட்டில் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. பழனி மலையில் இருப்பவர்களுக்கு உடுமலை, தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் பக்கம். கிளம்பும் முன் போன் செய்து, பறவை பார்க்கும் டாக்டர் அன்று இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தையும் ஒதுக்காதீர்கள். மாடு பார்க்கும் டாக்டராக இருந்தாலும் கட்டு, ரத்தம் நிறுத்துதல், மருந்தின் அளவுக் கணக்கு ஆகியவை அவருக்குத் தெரிந்தவைதான்.

மலைப் பாதையில் கொண்டுபோகும் விதம் முக்கியம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் கூண்டுக் குச்சியில் எந்தப் பறவையாலும் ஒற்றைக்காலில் நிற்க முடியாது. சின்னப் பெட்டி, தரையில் சொரசொரப்பான துண்டு, குச்சி இல்லை. தண்ணீர்க் கிண்ணம் கொட்டி நனைக்கும், பதிலுக்கு ஒரு துண்டு வெள்ளரி. பெட்டியை மடியில் வையுங்கள், டிக்கியில் வேண்டாம். கிளம்பும்போது வெந்நீர்ப் பாட்டில் வேண்டும், அடிவாரம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஊட்டிக் குளிருக்குப் போர்த்திய கம்பளியோடு மேட்டுப்பாளையம் வெயிலில் போய் இறங்கிச் சூட்டில் தவிக்கும் பறவைகள் உண்டு.

எச்சம் சிவப்பாக இருக்கிறது. உள்ளே ரத்தம் கசிகிறதா? அடியும் படவில்லை.
– ஒரு வாசகி, பூம்பாறை

நேற்று பீட்ரூட் கொடுத்தீர்களா என்று பாருங்கள். எச்சத்தின் நீர்ப்பகுதி மட்டும் இளஞ்சிவப்பாகி, மறுநாள் பீட்ரூட் இல்லாமல் இயல்பானால் கவலையில்லை. கருப்பாக, தார் மாதிரி ஒட்டினாலோ, ரத்தமே கோடாகத் தெரிந்தாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கடிதத்தின் கடைசியில் மலைப்பூண்டுச் சாறு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஊருக்குப் பெருமைதான், பறவைக்கு வேண்டாம். பூண்டும் வெங்காயமும் சிவப்பணுக்களை உடைக்கும் வகை.

நான்கு மாதமாக இறகு உதிர்கிறது, நிற்கவே இல்லை. கழுத்தில் வழுக்கை. அலகைக் கம்பியில் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. மூக்கைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி. எங்கள் வீட்டில் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து இருக்கிறது. ஒரு சொட்டு தடவலாமா?
– ஒரு வாசகர், உதகை அருகே

இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. இறகு உதிர்ப்பு சில வாரங்களில் ஓய வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உதிர வேண்டும், தோல் தெரியும் வழுக்கை விழக் கூடாது. மாதக்கணக்கில் நீண்டால் வெளிச்சத்தைப் பாருங்கள். இரவு பதினொன்று வரை டிவி அறையில் இருக்கும் பறவைக்குப் பருவமே புரியாது, உடம்பு சிறுகச் சிறுக உதிர்த்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மணி நேர இருட்டு கொடுத்து, முட்டையும் கீரையும் சேர்த்து ஒரு மாதம் பாருங்கள். வாங்கி வந்த குஞ்சு பறக்கும் இறகையும் வாலையும் மட்டும் இழந்து தரையில் ஓடினால் அது வைரஸ் நோயாக இருக்கலாம். மற்றப் பறவைகளிடமிருந்து உடனே பிரித்து, கூண்டுப் பொருள்களையும் தனியாக வைத்துப் பரிசோதிக்க வேண்டும்.

மூக்கைச் சுற்றியுள்ள வெள்ளையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். தேன்கூடு போலப் பொட்டுப் பொட்டாகத் துளை தெரிந்தால் அது செதில் பூச்சி. தோலுக்குள் சுரங்கம் தோண்டி வாழும் சிலந்திப் பேன், அலகு, கண்ணோரம், கால் எல்லாம் பரவி அலகையே கோணலாக்கும். அரிப்பும் இருக்கலாம். மருந்து ஐவர்மெக்டின்தான், ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது இல்லை. மாட்டு ஊசி 1 சதவீதம், அதாவது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். ஒரு சொட்டில் அரை மில்லிகிராம். 35 கிராம் பட்ஜிக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவைப் போல எழுபது மடங்கு அது. டாக்டர் நீர்த்துத் தரும் மருந்தைப் பிடரியில் இறகைப் பிரித்துத் தோலில் விட்டு, பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் மீண்டும் விட வேண்டும். முதல் மருந்தில் தப்பிய பேன்கள் மீண்டும் பெருகும் என்பதால் இரண்டாவது முறையை விடக் கூடாது. மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பேனோடு தோலையும் நுரையீரலையும் எரிக்கும். மரக் குச்சிகளைத் தூக்கி எறிந்து புதிதாக வையுங்கள்.

பூனை வாயிலிருந்து பிடுங்கினோம். காயமே தெரியவில்லை, சாப்பிடுகிறது. விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, பண்ணைக்காடு

விடாதீர்கள். பூனைப் பல் ஊசி போல நுழையும், துளை இறகுக்குள் மறைந்துவிடும். அதன் எச்சிலில் உள்ள பாஸ்டுரெல்லா கிருமி ரத்தத்தில் கலந்தால் ஒன்றிரண்டு நாளில் பறவை போய்விடும். இன்று சாப்பிடுகிறதே என்று நம்ப முடியாது. சில மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும், அது டாக்டர்தான் எழுத வேண்டும். போகும்வரை அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு சின்ன டீஸ்பூன் உப்பு கலந்து, தெரியும் காயத்தை அதனால் மட்டும் துடையுங்கள். டெட்டால் வேண்டாம், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், களிம்பும் வேண்டாம். சூடான பெட்டியில் வைத்து, கடைசிப் பஸ் போவதற்குள் கிளம்பிவிடுங்கள்.